ஒரு தட்டின் இரண்டு பக்கங்கள்: சன் ரெக்கார்ட்ஸும் ராக் அண்ட் ரோலும்

1954 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் சன் ரெக்கார்ட்ஸின் ஓர் இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது. மஞ்சள் லேபிள், கதிர் விரிக்கும் சூரியன், கூவும் சேவல், விளிம்பைச் சுற்றி இசைக்குறிகள், எண் 209. பாடியவர் எல்விஸ் பிரெஸ்லி. அவர் பெயருக்குக் கீழே ஸ்காட்டி, பில் என்று இரண்டு வாத்தியக்காரர்களின் பெயர்கள். ஒரு பக்கம் 'தட்ஸ் ஆல் ரைட்'. அது ஆர்தர் க்ருடப் என்ற கறுப்பினப் பாடகரின் ப்ளூஸ் பாட்டு. தட்டைத் திருப்பினால் 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி'. அது பில் மன்றோ என்ற வெள்ளைக்காரரின் கன்ட்ரி பாட்டு.

இந்த இரண்டு பாட்டுகளின் மூலப் பதிவுகளும் 1946 செப்டம்பரில், ஒரே சிகாகோ நகரத்தில், சில நாள் இடைவெளியில் நடந்தவை. ஆனாலும் ஒன்றை வாங்கியவர்கள் மற்றதைக் கேட்டிருக்கவே வாய்ப்பு குறைவு. கடையில் வேறு வேறு அடுக்கு, வானொலியில் வேறு வேறு நிலையம், பத்திரிகையில் வேறு வேறு பட்டியல். எட்டு வருஷம் கழித்து அவை இரண்டும் ஒரே தட்டின் முதுகோடு முதுகாக வந்து சேர்ந்தன. ராக் அண்ட் ரோல் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு இந்தத் தட்டைக் கையில் கொடுத்துவிடலாம்.

"ப்ளூஸும் கன்ட்ரியும் கலந்ததுதான் ராக் அண்ட் ரோல்" என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். எது எதோடு, எப்படிக் கலந்தது என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. சன் ரெக்கார்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனியின் அறைக்குள் போய்ப் பார்த்தால் அந்தக் கலவை காதால் பிடிக்கக்கூடிய, விரலால் சுட்டிக்காட்டக்கூடிய விஷயம் என்பது தெரியும். ஒரு தாள வேகம், ஒரு கம்பியின் அறை, டேப்பில் இரண்டு அங்குல இடைவெளி என்று சின்னச் சின்ன முடிவுகளால் ஆனது அது.

முதலில் கலந்த பொருள்கள்

ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு கட்டமைப்பு. மிகப் பரவலான வடிவம் பன்னிரண்டு பார். ஒவ்வொரு பாரிலும் நான்கு எண்ணிக்கை, ஆக மொத்தம் 48. நமக்குப் பழகிய பெயரில் சொல்வதானால், முதல் நான்கு பார் 'ச'-வை அடிப்படையாகக் கொண்ட கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு. அடுத்த இரண்டு 'ம'. மறுபடி இரண்டு 'ச'. பிறகு ஒன்று 'ப', ஒன்று 'ம', கடைசி இரண்டும் 'ச'. இது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. வரிகளும் இதற்கேற்ப அமையும்: ஒரு வரி, அதே வரி இன்னொரு தடவை, மூன்றாவதாக அதற்குப் பதில். காலைத் தட்டிக்கொண்டு 48 எண்ணிக்கையை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தால் வடிவம் மனதில் உட்கார்ந்துவிடும். அதன்பின் பாதிக்குப் பாதி ராக் அண்ட் ரோல் பாட்டுகளில் அது தானாகவே காதில் விழும்.

ப்ளூஸின் இன்னொரு அடையாளம் சுரத்தில் இருக்கிறது. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே குரல் வழுக்கி நிற்கும். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை கிடையாது. கிடாரில் கம்பியை இழுத்துத்தான் பிடிக்க முடியும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது எளிதில் பிடிபடும்.

கன்ட்ரி வேறு மாதிரி. கதை சொல்லும் பாட்டு. சுரங்கள் நேராக நிற்கும், குரல் கொஞ்சம் மூக்கிலிருந்து வரும். பிடில், மேண்டலின், ஸ்டீல் கிடார். பேஸ் வாத்தியம் 'ச', 'ப' என்று மாற்றி மாற்றி ஊன்ற, நடுவில் கிடார் 'சக்' என்று அடிக்கும்: பூம்-சக், பூம்-சக். அந்தக் காலக் கன்ட்ரி இசையில் டிரம்ஸ் பெரும்பாலும் கிடையாது. இந்த ஒரு குறைதான் பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது.

இந்த இரண்டும் அதற்கு முன்னால் சந்தித்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1920களிலேயே கன்ட்ரியின் முதல் நட்சத்திரம் ஜிம்மி ராஜர்ஸ் ப்ளூஸ் வடிவத்தில் பாடினார். சின்சினாட்டியின் கிங் ரெக்கார்ட்ஸ் தன் கறுப்பினப் பாடகர்களைக் கன்ட்ரிப் பாட்டு பாடவைத்தது. ஹாங்க் பென்னியின் 'பிளட்ஷாட் ஐஸ்' பாட்டை 1951-இல் வைனோனி ஹாரிஸ் பாடியது அப்படித்தான். தெற்கத்திப் பருத்தி வயல்களில் இரண்டு இனத்தாரும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் குனிந்து வேலை செய்தார்கள், ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டார்கள். பிரித்து வைத்தது சட்டமும் வியாபாரமும். பில்போர்டு பத்திரிகை மூன்று பட்டியல்கள் போட்டது: பாப், கன்ட்ரி, ரிதம் அண்ட் ப்ளூஸ். மூன்றாவதற்கு 1949 வரை 'இனத் தட்டுகள்' என்றே பெயர், அதாவது கறுப்பினத்தார் வாங்கும் தட்டுகள். யார் வாங்குகிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்தப் பிரிவினை. தட்டுக்குள் இருக்கும் இசைக்கு அதில் இடமில்லை.

யூனியன் அவென்யூ 706

சாம் ஃபிலிப்ஸ் 1923-இல் அலபாமாவில் ஃப்ளோரன்ஸ் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். வானொலியில் வேலை பழகி, 1945-இல் மெம்ஃபிஸ் வந்து, டபிள்யூ.ஆர்.இ.சி நிலையத்தில் பொறியாளராகவும் அறிவிப்பாளராகவும் இருந்தார். 1950 ஜனவரியில் யூனியன் அவென்யூ 706-ஆம் எண்ணில் ஒரு சின்னக் கடையிடத்தை வாடகைக்குப் பிடித்து 'மெம்ஃபிஸ் ரெக்கார்டிங் சர்வீஸ்' என்று பெயர் வைத்தார். வானொலியில் அவரோடு இருந்த மரியன் கீஸ்கர் வரவேற்பறையிலிருந்து கணக்கு வரை பார்த்துக்கொண்டார். வாடகை கொடுக்க வேண்டுமே என்று கல்யாணம், இறுதிச் சடங்கு, மேடைப் பேச்சு என்று எதையும் பதிவுசெய்து கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து சுமார் 4 டாலர் கொடுத்தால் இரண்டு பக்கம் பாடி ஒரு தட்டை எடுத்துப் போகலாம். 1953 கோடையில் எல்விஸ் முதன்முதலில் வந்தது அப்படிக் காசு கொடுத்த வாடிக்கையாளராகத்தான். நல்ல பாடகர், மறக்கக் கூடாது என்ற பொருளில் மரியன் கீஸ்கர் அவரைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைத்தார்.

ஆனால் ஃபிலிப்ஸ் அந்தக் கடையைத் திறந்த காரணம் வேறு. மிசிசிப்பியிலும் மெம்ஃபிஸின் பீல் தெருவிலும் இருந்த கறுப்பினக் கலைஞர்களுக்கு அந்தப் பக்கத்தில் பதிவுக்கூடம் இல்லை. அவர்களைப் பதிவுசெய்வதுதான் அவருடைய ஆசை. பி.பி. கிங்கின் ஆரம்ப காலப் பதிவுகள் சில இங்கே நடந்தன. ஹவ்லின் வுல்ஃப் 1951-இல் இங்கே பாடினார். அப்போது தட்டு வெளியிடச் சொந்தக் கம்பெனிப் பெயர், அதாவது லேபிள், இல்லாததால் பதிவுகளைச் சிகாகோவின் செஸ், லாஸ் ஏஞ்சலிஸின் மாடர்ன் கம்பெனிகளுக்குக் கொடுத்தார். யாருக்கு எந்தப் பாடகர் என்று சச்சரவு வந்து, 1952-இல் சன் என்ற பெயரில் தாமே தட்டு வெளியிடத் தொடங்கினார்.

கூடம் எவ்வளவு பெரியது என்று கேட்டால், பாடும் அறை ஏறத்தாழ 18 அடி அகலம், 30 அடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். சுவரிலும் கூரையிலும் ஒலி உறிஞ்சும் ஓடுகள். ஒலி நேராகப் போய் மோதி நேராகத் திரும்பி வராமல் இருக்கக் கூரையை 'வி' வடிவத்தில் மடித்துக் கட்டியிருந்தார்கள். ஆரம்பத்தில் இருந்த மிக்சரில் நான்கைந்து மைக்குகளைத்தான் இணைக்க முடியும்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பதிவுகள் ஒற்றைத் தடத்தில் நடந்தவை. இன்று குரலைத் தனியாக, கிடாரைத் தனியாகப் பதிவுசெய்து, பிறகு உட்கார்ந்து கூட்டிக் குறைக்கிறோம். அன்று எல்லாரும் ஒரே நேரத்தில் வாசிக்க, மிக்சரில் கலந்த ஒலி அப்படியே டேப்பில் இறங்கிவிடும். பிறகு பிரிக்க வழியே இல்லை. அதனால் கலவையின் அளவு எழுதப்பட்டது தரையில்: யார் மைக்கிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறார்கள் என்பதில். கிடார் சத்தம் மிஞ்சினால் ஆம்ப்ளிஃபயரைப் பின்னால் தள்ளுவார்கள். டிரம்ஸ் குரல் மைக்குக்குள் புகுந்தால் டிரம்ஸ்காரரை மூலைக்கு நகர்த்துவார்கள். ஒருவர் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து. ஆட்கள் குறைய இருந்தால் தவறும் குறையும், தெளிவும் கூடும். சன் பதிவுகளில் மூன்று நான்கு பேருக்கு மேல் அதிகம் கேட்காததற்கும், அந்தச் சில வாத்தியங்களே அறையை நிறைப்பதற்கும் இதுதான் காரணம்.

உடைந்ததை என்ன செய்வது என்பதிலும் ஃபிலிப்ஸுக்குத் தனிக் கருத்து இருந்தது. 1951 மார்ச்சில் ஐக் டர்னரின் குழு மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலிலிருந்து 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவுசெய்ய வந்தது. வரும் வழியில் கிடார்காரர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் அடிபட்டு, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு சேதமாகிவிட்டது. வேறு ஆம்ப்ளிஃபயர் தேடாமல் ஃபிலிப்ஸ் கூம்புக்குள் காகிதத்தைச் செருகி அப்படியே வாசிக்கச் சொன்னார். பிய்ந்த கூம்பு கம்பியின் அதிர்வை முழுதாகப் பின்தொடர முடியாமல் படபடக்கும். அந்தப் படபடப்பு மூல சுரத்தோடு புதிய மேல்சுரங்களைச் சேர்க்கும். கிசார்ட் வாசித்ததோ கீழ்ச்சுர வரி. கேட்டால் கிடார் மாதிரி இல்லை, கரகரத்த சாக்ஸஃபோன் மாதிரி இருக்கிறது. பின்னாளில் ராக் கிடாருக்கு அடையாளமாகிவிட்ட அந்தக் கரகரப்பை விரும்பிப் பதிவில் விட்டுவைத்த ஆரம்ப உதாரணங்களில் இது ஒன்று. செஸ் வெளியிட்டது; பாடிய ஜாக்கி பிரென்ஸ்டனின் பெயரில் வந்து ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அந்த எதிரொலி

சன் பதிவு என்றாலே பழகியவர்கள் முதலில் சொல்வது எதிரொலியைத்தான். 'ஸ்லாப்பேக்' என்று பெயர். குகைக்குள் கத்தியது மாதிரி நீண்டு மங்கும் எதிரொலி அல்ல. ஒரே ஒரு தடவை, டக்கென்று, முதல் ஒலியின் குதிகாலை மிதித்துக்கொண்டு வருவது.

அது உண்டாகும் விதம் எளிது. டேப் இயந்திரத்தில் பதிவு செய்யும் தலை ஒன்று, படிக்கும் தலை ஒன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். டேப் முதலில் பதிவுத் தலையைக் கடந்து, கொஞ்ச தூரம் ஓடி, படிக்கும் தலைக்கு வரும். நடுவில் சுமார் 2 அங்குலம் என்றும், டேப் வினாடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்றும் வையுங்கள். இரண்டை 15-ஆல் வகுத்தால் 0.13 வினாடி. படிக்கும் தலையிலிருந்து வரும் ஒலி அந்த அளவு தாமதமாக வரும். 1954 வாக்கில் ஃபிலிப்ஸிடம் இரண்டு ஆம்பெக்ஸ் 350 இயந்திரங்கள் வந்துவிட்டன. ஒன்று நேரடிப் பதிவுக்கு. மற்றதற்கு அதே ஒலியை அனுப்பி, அங்கிருந்து தாமதமாகத் திரும்பி வருவதை மிக்சருக்குள் வாங்கி, முதல் இயந்திரத்துக்குப் போகும் கலவையோடு சேர்த்தார். அவ்வளவுதான் கருவி.

அந்த எதிரொலிக்கு இசையில் பெரிய வேலை இருந்தது. மூன்று பேர் வாசிக்கும் இடத்தில் இடைவெளிகள் நிறைய. ஒவ்வொரு தட்டுக்குப் பின்னாலும் ஒரு நிழல் தட்டு விழும்போது அந்த இடைவெளிகளில் புதிய தாளம் முளைக்கிறது. டிரம்ஸ் இல்லாத குழுவுக்கு டிரம்ஸ் மாதிரி ஒன்று கிடைத்துவிடுகிறது. 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி'யில் குரலையும் பேஸையும் கவனித்தால் இது பளிச்சென்று தெரியும்.

இன்று எந்தப் பதிவுச் செயலியிலும் இதைச் செய்து பார்க்கலாம். 'டிலே' கருவியை எடுத்து நேரத்தை 120 முதல் 140 மில்லிசெகண்டுக்குள் வையுங்கள். 'ஃபீட்பேக்' பூஜ்யம், அதாவது ஒரே ஒரு மறுஒலி. எதிரொலியின் அளவு மூல ஒலியில் கால் பங்கு சுமார். எதிரொலியின் மேல்சுரக் கூர்மையைக் கொஞ்சம் குறையுங்கள், டேப் அப்படித்தான் மழுக்கும். நேரத்தை 50-க்குக் கீழே இறக்கினால் எதிரொலி தனியாகக் கேட்காது, இரண்டு பேர் சேர்ந்து பாடுவது போல் தடித்துவிடும். 200-ஐத் தாண்டினால் எதிரொலி பாட்டின் தாளத்தோடு முட்டும். ஃபீட்பேக்கை ஏற்றினால் எதிரொலிக்கு எதிரொலி வந்து சொற்கள் கரைந்துவிடும். கீழ்ச்சுரங்களை அதிகம் அனுப்பினால் எல்லாம் சேறு. ஃபிலிப்ஸ் இதை எந்த எண்ணும் திரையில் ஓடாமல், காதை வைத்தே, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே செய்தார். எல்விஸ் சன்னை விட்டுப் போன பிறகு, 1956 ஜனவரியில் ஆர்.சி.ஏ என்ற பெரிய தட்டுக் கம்பெனி நாஷ்வில்லில் எல்விஸைப் பதிவுசெய்தபோது, நடைபாதையில் ஒலிபெருக்கி வைத்து எதிரொலி உண்டாக்கினார்கள். அது அறையின் எதிரொலி, டேப்பின் எதிரொலி அல்ல. 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' கேட்டால் வித்தியாசம் உடனே புரியும்.

கலவை நடந்த இரவு

1954 ஜூலை 5. எல்விஸுக்கு 19 வயது. கிடாருக்கு ஸ்காட்டி மூர், பேஸுக்கு பில் பிளாக். மெல்லிசைப் பாட்டுகளைப் பாடிப் பார்த்தார்கள், ஒன்றும் சரிப்படவில்லை. இடைவேளையில் எல்விஸ் விளையாட்டாக க்ருடப்பின் பாட்டைப் பாடத் தொடங்க, மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே இருந்த ஃபிலிப்ஸ் அதை முதலிலிருந்து பாடச் சொல்லிப் பதிவுசெய்தார். இந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்தது. அன்று இசைக்கு என்ன ஆனது என்பது அதைவிட முக்கியம் என்று நினைக்கிறோம்.

க்ருடப்பின் பதிவில் டிரம்ஸ் உண்டு, கிடார் மின்கிடார், பாட்டு நிதானமாக அசையும். எல்விஸின் பதிவில் டிரம்ஸே இல்லை. அவர் கையில் சாதாரண மரக்கிடார், அதைக் கன்ட்ரிப் பாணியில் விடாமல் அடிக்கிறார். மூரின் மின்கிடார் நடுநடுவே பதில் சொல்கிறது. வேகம் கூடியிருக்கிறது. டிரம்ஸின் இடத்தை எடுத்துக்கொண்டது பில் பிளாக்கின் பேஸ். ஆள் உயரப் பேஸ் வாத்தியத்தின் கம்பியை விரலால் பக்கவாட்டில் வெளியே இழுத்து விடுவார்; அது திரும்பிப் போய்ப் பலகையில் மோதும்போது சுரத்தோடு ஒரு 'டக்' வரும். நடுவில் உள்ளங்கையால் கம்பிகளையே பலகையில் அறைவார். ஒரு கை கீழ்ச்சுரத்தையும் தருகிறது, தாளத்தையும் தருகிறது. கிராமத்துக் கன்ட்ரிக் குழுக்களின் பழைய வித்தை இது. ஆக, ப்ளூஸ் பாட்டு; அதை ஓட்டுவது கன்ட்ரி எஞ்சின்.

மறுபக்கத்தில் இதற்கு நேர்மாறு. மன்றோவின் பாட்டு மூன்று எண்ணிக்கையில் மெதுவாக ஆடும் வால்ட்ஸ், திஸ்ரம் என்று வைத்துக்கொள்ளலாம். எல்விஸ் குழு அதைச் சதுஸ்ரத்துக்கு மாற்றி வேகத்தில் ஓட்டியது. மூன்றை நான்காக்கியதும் அழுத்தம் விழும் இடமே மாறுகிறது: இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் உந்தல் கிடைக்கிறது. குரலோ சொல்லை இழுத்து, உடைத்து, விக்கி, ப்ளூஸ்காரர்களைப் போல விளையாடுகிறது. ஆக, கன்ட்ரிப் பாட்டு. அதற்குள் ப்ளூஸ் குரல். மன்றோவுக்கு இது பிடித்துப்போய், அதே ஆண்டிலேயே தன் பாட்டைப் புதிதாகப் பதிவுசெய்தார்: முதலில் பழைய வால்ட்ஸ், பாதியிலிருந்து நான்கு எண்ணிக்கை வேகம்.

தட்டு வெளியாவதற்கு முன்பே டபிள்யூ.ஹெச்.பி.கியூ வானொலியில் டியூவி ஃபிலிப்ஸ் (சாமுக்கு உறவில்லை) முதல் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார். அன்றிரவே எல்விஸை நிலையத்துக்கு அழைத்துப் பேசியபோது எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டார். ஹியூம்ஸ் உயர்நிலைப் பள்ளி என்று பதில். வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளி அது. பாடியது வெள்ளைக்காரரா, கறுப்பினத்தவரா என்ற கேள்விக்கு அந்த ஊர்க்காரர்களுக்கு அதுவே பதில்.

எல்விஸ் சன்னில் வெளியிட்டவை மொத்தம் ஐந்து தட்டுகள். ப்ளூஸ் பக்கத்திலிருந்து ஒன்று, மறுபக்கத்தில் கன்ட்ரிக்காரர்களும் ஏற்கக்கூடிய ஒன்று என்ற அமைப்பு ஐந்திலும் தொடர்ந்தது. இது கலையும்தான், வியாபாரமும்தான். எந்த நிலையத்துக்குப் போனாலும் அவர்கள் போடக்கூடிய ஒரு பக்கம் கையில் இருக்க வேண்டும்.

வெற்றி ஏன் ஆபத்து

சின்னக் கம்பெனிக்குத் தோல்வியைத் தாங்கத் தெரியும். பெரிய வெற்றிதான் மூச்சு முட்டவைக்கும். தட்டு அச்சடிக்கும் ஆலைக்கு உடனே பணம் தர வேண்டும். ஒரு தட்டுக்கு நிமிடத்துக்கு 78 சுற்று, 45 சுற்று என்று இரண்டு வடிவமும் அச்சடிக்க வேண்டும். பாட்டு எழுதியவரின் பதிப்பகத்துக்குச் சட்டப்படி ஒரு பாட்டுக்கு, ஒரு பிரதிக்கு 2 சென்ட். மொத்த வியாபாரிகளோ இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கணக்குத் தீர்ப்பார்கள். விற்காததைத் திருப்பியும் அனுப்புவார்கள். தட்டு எவ்வளவு வேகமாக விற்கிறதோ அவ்வளவு வேகமாகக் கையிலிருக்கும் ரொக்கம் கரையும்.

அந்த 2 சென்ட் கணக்கில் ஃபிலிப்ஸ் ஏற்கெனவே சுட்டுக்கொண்டிருந்தார். 1953-இல் பிக் மாமா தார்ன்டனின் 'ஹவுண்ட் டாக்' வெற்றிக்குப் பதில் பாட்டாக ரூஃபஸ் தாமஸை வைத்து 'பேர் கேட்' வெளியிட்டார். சன்னின் முதல் பெரிய வெற்றி அது. ஆனால் மெட்டு இரவல். மெட்டுக்குச் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டு வென்றார்கள்.

1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏவுக்கு 35,000 டாலருக்கு விற்றார். எல்விஸுக்கு சன் தர வேண்டியிருந்த 5,000 டாலர் பாக்கியையும் அவர்களே ஏற்றார்கள். முட்டாள்தனம் என்று இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. அந்தப் பணம் கடனை அடைத்தது, அடுத்த தட்டுகளை அச்சடிக்க வைத்தது. 1956 ஜனவரியில் கார்ல் பெர்கின்ஸின் 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்' வந்தது. பருத்தி வயலில் வளர்ந்து, உடன் வேலை செய்த கறுப்பின முதியவரிடம் கிடார் கற்றவர் அவர். பாப், கன்ட்ரி, ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று மூன்று பட்டியலிலும் அந்தப் பாட்டு ஏறியது. யாரிடம் எதை விற்பது என்று பிரித்து வைத்திருந்த ஏற்பாடே பொருளிழந்த தருணம் அது. 1957-இல் ஜெர்ரி லீ லூயிஸும் 'ஹோல் லாட்டா ஷேக்கின்' பாட்டால் மூன்றிலும் ஏறினார். அவர் பியானோக்காரர்: இடது கையில் ப்ளூஸ்காரர்களின் பூகி என்ற உருளும் கீழ்ச்சுர வரி, வலது கையில் தேவாலயமும் கன்ட்ரியும்.

ஜானி கேஷைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் குழுவில் டிரம்ஸ் இல்லை. 1956-இன் 'ஐ வாக் த லைன்' பதிவில் ஒரு காகிதத்தை மடித்துத் தன் கிடாரின் கம்பிகளுக்கிடையே செருகிக்கொண்டார். கம்பி முழுதாக ஒலிக்க முடியாமல் 'சர்க், சர்க்' என்று மட்டும் வரும். ஸ்நேர் டிரம்மை ஈர்க்குக் குச்சியால் வருடுவது மாதிரி. வீட்டில் கிடார் இருந்தால் ரூபாய் நோட்டு அளவுக் காகிதத்தைப் பாலத்துக்கு (கிடாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கத்தில் கம்பிகளின் மேலும் கீழுமாகக் கோர்த்துப் பாருங்கள். பாலத்தை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சுரம் செத்துவிடும்; நெருங்க வைத்தால் சுரமும் நிற்கும், சர்க்கும் வரும். அந்தப் பாட்டில் சரணத்துக்குச் சரணம் சுருதி மாறும். மாறும் முன் கேஷ் வாய்க்குள் முனகி அடுத்த சுருதியைப் பிடித்துக்கொள்வதும் பதிவில் அப்படியே இருக்கிறது.

யாருக்குக் கிடைத்தது, யாருக்கு இல்லை

இதைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் முழுமையாகாது. சன் தொடங்கியது கறுப்பினக் கலைஞர்களுக்காக. எல்விஸ் விற்கத் தொடங்கியதும் அவர்களுடைய பதிவுகள் ஏறக்குறைய நின்றேபோயின. லேபிளுக்கு முதல் வெற்றியைத் தந்த ரூஃபஸ் தாமஸ் இந்த வருத்தத்தைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆர்தர் க்ருடப் தன் பாட்டுகளுக்கு வர வேண்டிய உரிமைத்தொகையை வாழ்நாளில் சரிவரப் பார்க்கவேயில்லை. நாஷ்வில் சிறையின் கைதிகளான பிரிசனேர்ஸ் குழு 1953-இல் சன்னுக்காகப் பாடிய 'ஜஸ்ட் வாக்கிங் இன் த ரெயின்', மூன்று வருஷம் கழித்து ஜானி ரே என்ற வெள்ளைக்காரர் பாடியபோதுதான் நாடு முழுக்க ஒலித்தது. இசை எல்லையைத் தாண்டியது. பணம் அந்த அளவுக்குத் தாண்டவில்லை.

1960-இல் ஃபிலிப்ஸ் மேடிசன் அவென்யூவில் பெரிய கூடத்துக்கு மாறினார். 1969-இல் லேபிளை விற்றார். பழைய 706 இன்றும் நிற்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம்.

கேட்கத் தொடங்குகிறவர்கள் தொகுப்புகளைத் தேடிப் போக வேண்டாம். மூலத்தையும் சன் வடிவத்தையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். முதல் ஜோடி க்ருடப்பும் எல்விஸும். இரண்டாவது மன்றோவும் எல்விஸும். மூன்றாவது ஜோடிக்கு 'மிஸ்டரி ட்ரெயின்'. 1953-இல் ஜூனியர் பார்க்கர் சன்னிலேயே பாடியது, 1955-இல் எல்விஸ் பாடியது. பார்க்கரின் ரயில் கனமாக, பெருமூச்சு விட்டு நகரும். எல்விஸின் ரயிலுக்குக் கால் தரையில் படுவதில்லை. அதை இழுத்துக்கொண்டு ஓடுவது ஸ்காட்டி மூரின் கிடார் வரி. அந்த வரியை பார்க்கரின் 'மிஸ்டரி ட்ரெயின்' பாட்டில் தேடினால் கிடைக்காது. பார்க்கரின் தட்டைத் திருப்பிப் போடுங்கள். மறுபக்கத்தில் 'லவ் மை பேபி' என்ற பாட்டு இருக்கிறது. மூர் எடுத்தது அங்கிருந்து.